ஊறவிட்ட ஓடம்

பாலத்தைக் கழற்றி எடுத்துச் செல்லப் போகிறார்கள் என்ற செய்தி ஆற்றங்கரைத் தேநீர்க்கடைக்கு வந்தபோது, அதனை முதலில் ஒருவரும் நம்பவில்லை. "எடுத்துட்டுப் போறதுக்கு அது என்ன பாயா?" என்று கேட்டார் வாடிக்கையாளர் ஒருவர். கடையை நடத்தி வந்தவள் ஓடக்காரரின் மனைவி. அவள் கொதிக்கும் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு, சாலைக்கு அப்பால் இருந்த படையினரின் சமையற்கூடத்தை நோக்கினாள். அக்கூடத்தின் மேல், கூரையாகக் கவிழ்ந்து கிடந்தது அவளுடைய கணவரின் ஓடம்.

அந்த இரும்புப் பாலம் கடல் கடந்து வந்த ஒரு படைப்பிரிவினுடையது. போரின்போது ஊரின் பழைய பாலம் தகர்க்கப்பட்டது. கல்தூண்கள் மட்டும் நீருக்கு மேல் எஞ்சி நின்றன. அந்நாள்களில் ஆற்றைக் கடக்க இருந்த ஒரே வழி ஓடக்காரரின் ஓடம்தான். மருத்துவமனை எதிர்க்கரையில் இருந்தது. காயம்பட்டவர்களையும், மருந்துப் பெட்டிகளையும், அங்கே செவிலியாகப் பணிபுரிந்த தம் மகளையும் அவர் ஏற்றிச் சென்றார். மலைச்சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு போவதென்றால் ஒரு பகல் முழுவதும் கழிந்துவிடும். ஒவ்வொரு நாள் மாலையும் மகள் கரையேறும் வரையில், மனைவி தேநீர்ப் பாத்திரத்தை வெறுமனே கலக்கிக்கொண்டே நிற்பாள்.

போர் ஓய்ந்தபின் அயல்நாட்டுப் படையினர் வந்தார்கள். எதிர்க்கரையில் இரும்புச் சட்டங்களை ஒன்றோடொன்று கோத்தார்கள்; கோத்ததை உருளைகளின் மேல் ஏற்றினார்கள்; ஏற்றியதைத் தள்ளினார்கள். எந்தத் தாங்கலும் இல்லாமல் அந்த இரும்பு ஆற்றின் மேல் வெட்டவெளியில் நீண்டு வந்ததை ஊரே பார்த்தது. இதோ விழுந்துவிடும், இதோ விழுந்துவிடும் என்று அனைவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, அது ஒவ்வொரு தூணாகத் தொட்டுக்கொண்டு வந்து, தூங்கும் குழந்தையைக் கிடத்துவது போல இந்தக் கரையின் கல்லின்மேல் தன் நுனியை வைத்தது. ஓடக்காரர் அன்று தம் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். தம் பிழைப்பைப் பறிக்க வந்த பொருளின் முன் அவர் அவ்வாறு நின்றது பலருக்கு வியப்பாயிருந்தது. ஆயின் அன்று மாலை அவருடைய மகள் பாடநூல் படித்துக்கொண்டு வருபவளைப் போல நிதானமாக, உலர்ந்த பாதங்களுடன், நடந்தே வீட்டுக்கு வந்தாள். அந்தக் கணத்தில் பட்ட கடன் அவருடைய நெஞ்சைவிட்டு இறங்கவேயில்லை.

அதனால்தான், முதல் பெருமழையில் படையினரின் சமையற்கூடத்துக் கூரைத்துணி கிழிந்து பறந்தபோது, அவர் யாரையும் கேளாமல் தம் ஓடத்தைக் கொண்டுபோய்க் கவிழ்த்தார். மனைவி வாயடைத்துப்போனாள். வாய் திறந்தபின் அதனை மூட ஒரு வாரம் ஆயிற்று.

"நன்றிக்கு ஒரு அளவு வேணாமா? நாளைக்கு அவங்களுக்குக் கதவு இல்லன்னா என்னையும் கழட்டிக் குடுத்துடுவீங்களா?"

"நீ கதவுக்கு ஆகமாட்ட. சத்தம் போடுவ" என்றார் அவர்.

படையினர் அவருக்கு ஒரு வேலையும் கொடுத்தார்கள். வெள்ளத்தில் மிதந்து வந்து தூண்களில் சிக்கும் கிளைகளையும் அடிமரங்களையும் நீண்ட கழியால் விலக்கிவிட வேண்டும். அந்த வேலையில்தான் அவருக்கு ஒரு நண்பன் வாய்த்தான். பாலத்தின் மூட்டுகளுக்குப் பொறுப்பான படைவீரன் அவன், நடுவயதினன், உயரம் குறைந்தவன், இடுப்பில் எப்போதும் திருகுசாவி ஒன்று தொங்கும். தளர்ந்த எதனைக் கண்டாலும் அவனுடைய கை நில்லாது. பாலத்தின் மரைகளை முடுக்கிவிட்டுத் தேநீர் குடிக்க வருவான். வந்த இடத்தில் வாணலியின் பிடியை முடுக்குவான். அலமாரிக் கதவின் கீலை முடுக்குவான். அமர்ந்திருக்கும் பெஞ்சை, அமர்ந்தவரை எழுப்பிவிட்டு முடுக்குவான். ஊரார் அவனுக்கு முடுக்கி என்று பெயரிட்டனர். அவனும் அதனை ஒரு பதவியைப் போல ஏற்றுக்கொண்டான்.

அவன் இந்த ஊரின் மொழியைக் கற்றது தேநீர்க்கடையில். ஆகவே, அவன் கற்றவற்றுள் பெரும்பகுதி, ஒரு மனைவி தன் கணவனைக் கடிந்துகொள்ளும் சொற்களாகவே இருந்தது. காலையில் வந்ததும், "அண்ணி, நீங்க திருந்தவே மாட்டீங்க" என்பான். அதனை அவன் முகமன் என்று எண்ணியிருந்தான். பொருள் தெரிந்த பிறகும் மாற்றிக்கொள்ளவில்லை.

"வாங்க கொழுந்தனாரே. இன்னிக்கு எதை உடைக்கப் போறீங்க?"

"உடைக்க மாட்டேன் அண்ணி. இறுக்குவேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். போன வாரம் இறுக்கின ஜாடி மூடி இன்னும் தெறக்கல."

இவ்வாறு ஏறத்தாழ ஓராண்டு கழிந்தது. அப்போதுதான் ஆணை வந்தது. அந்நாட்டில் அவர்களுடைய பணி முடிவுற்றது என்றும், வேறொரு தேசத்தில் வெள்ளம் பாலங்களை அடித்துச் சென்றுவிட்டமையால் இந்தப் பாலம் அங்கே தேவைப்படுகிறது என்றும் அதிகாரி ஊர்க்கூட்டத்தில் அறிவித்தார். நிலையான பாலம் ஒன்று அரசால் கட்டப்படும். ஆனால் அதற்குக் காலம் செல்லும். அதுவரை ஓடம்தான். கூட்டத்திலிருந்த அனைவரும் ஓடக்காரரைத் திரும்பிப் பார்த்தனர். அவரோ சமையற்கூடத்துக் கூரையைப் பார்த்தார்.

மறுநாள் ஓடத்தை இறக்கினார்கள். ஓராண்டாக அடுப்பின் புகையையும் வெப்பத்தையும் தின்ற மரம் அது. நிமிர்த்தி வைத்தபோது பலகைகளின் இடுக்குகள் வழியே சூரிய ஒளி கோடுகோடாக உள்ளே விழுந்தது. மகள் தன் விரலை ஓர் இடுக்கில் நுழைத்துப் பார்த்தாள், நுழைந்தது. ஓடக்காரர் கலங்கவில்லை. உலர்ந்த ஓடத்துக்கு வேண்டியது தண்ணீர்தான் என்று வீட்டாருக்கு விளக்கினார். கல்லேற்றி ஆழமற்ற நீரில் மூழ்கடித்துவிட வேண்டும். தாகம் தீரக் குடித்து மரம் தானே பருக்கும். இடுக்குகள் தாமே மூடிக்கொள்ளும். அதன் பிறகு, தேவைப்பட்ட இடத்தில் மட்டும் சிறிது பஞ்சு வைத்துக் கீல் என்னும் தாரைப் பூசினால் போதும். புதிய துடுப்புக்கு மரம் பார்த்து வருவதற்காக அவர் அன்று காலை ஆற்றோரமாக நெடுந்தூரம் நடந்துபோனார்.

அவர் திரும்பி வந்தபோது கரையில் மரச்சுத்தியல்களின் ஒலி கேட்டது. முடுக்கியும் அவனுடைய ஆள்களும் ஓடத்தைச் சூழ்ந்திருந்தார்கள். சிலர் பஞ்சைக் கயிறாகத் திரித்தார்கள். சிலர் கீலைக் காய்ச்சினார்கள். முடுக்கி ஒவ்வோர் இடுக்கிலும் பஞ்சை வைத்து, ஆப்பைப் பொருத்தி, ஓங்கி அடித்துக்கொண்டிருந்தான். இரும்பை இறுக்கிப் பழகிய கை அது. ஓர் இழை கூட இனி உள்ளே போகாது என்னும் வரையில் அடித்துவிட்டே அடுத்த இடுக்குக்குச் சென்றான். வியர்வை அவனுடைய மோவாயிலிருந்து சொட்டியது. முகமெல்லாம் சிரிப்பு. போகும்போது அண்ணனுக்குக் கொடுத்துவிட்டுப் போகும் பரிசு இது என்று அவன் உரக்கக் கூவினான்.

ஓடக்காரர் துடுப்புமரத்தைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றார். உலர்ந்து சுருங்கிய மரத்தில் இவ்வளவு இறுக்கமாகப் பஞ்சை அடித்தால், நீர் பட்டு மரம் பருக்கும்போது அதற்கு இடம் இராது என்பதை அவர் அறிவார். சொல்வதற்காக ஓரடி முன்னே வைத்தார். அப்போது முடுக்கி மரச்சுத்தியலை அவரிடம் நீட்டி, கடைசி அடி அண்ணனுடையது என்றான். படைவீரர்கள் கைதட்டினார்கள். ஓடக்காரர் சுத்தியலை வாங்கினார். அடித்தார்.

ஓடம் நீரில் இறங்கியபோது உள்ளே ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. ஊர் வியந்தது. மனைவி மட்டும், கணவர் அன்றிரவு ரொட்டியைப் பிட்டுப் பிட்டு வைத்துவிட்டு உண்ணாமல் எழுந்ததைக் கவனித்தாள்.

சில நாள்கள் கழிந்தன. பாலத்தின் கைப்பிடிகளைக் கழற்றத் தொடங்கியிருந்தார்கள். கடையில் கூட்டம் மிகுந்திருந்த ஒரு முற்பகலில், துறையிலிருந்து தடித்த கழி முறிவது போன்ற ஓசை எழுந்தது. எல்லாரும் ஓடினார்கள். ஓடத்தின் அடிப்பலகை ஒன்று ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டு நீளவாக்கில் பிளந்து எழும்பியிருந்தது. நீர் அவசரமின்றி உள்ளே ஏறியது. கட்டிய கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடம் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து அமர்ந்தது.

மகள் எதிர்க்கரையைப் பார்த்தாள். அடுத்த வாரம் அவள் எவ்வாறு பணிக்குப் போவாள், கடையிலிருந்த கருவுற்ற பெண் எவ்வாறு அக்கரை சேர்வாள், சர்க்கரை நோய்க்காரர் ஊசிமருந்துக்கு யாரை அனுப்புவார் என்ற கேள்விகளை ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. பாலம் போகும் நாள் மாறாது.

முடுக்கி பாலத்திலிருந்து ஓடி வந்தான். இடுப்பளவு நீரில் இறங்கி, பிளந்த பலகையைத் தடவிப் பார்த்தான்.

"இறுக்கினது பத்தலையா அண்ணா?"

"பத்தாம இல்ல தம்பி. ஜாஸ்தி" என்றார் ஓடக்காரர். மரம் பருப்பதைப் பற்றியும், அதற்கு இடம் வேண்டும் என்பதைப் பற்றியும், பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வது போலத் தணிந்த குரலில் எடுத்துரைத்தார். முடுக்கி கேட்டுக்கொண்டே வந்தவன், பாதியில் தலை நிமிர்ந்தான்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நீ மொதல் அடி அடிச்சப்பவே தெரியும்."

"கடைசி அடி நீங்கதானே அடிச்சீங்க?"

"ஆமா."

"ஏன்?"

ஓடக்காரர் நீரைப் பார்த்தார். "எம் பொண்ணு ஒரு வருஷமா கால் நனையாம வீட்டுக்கு வந்தா. அதுக்கு நான் உனக்கு என்ன செஞ்சிருக்கேன்? ஒண்ணுமில்ல. நீ ஆசை ஆசையா ஒண்ணு செய்யும்போது அது தப்புன்னு நான் எப்படிச் சொல்றது?"

"வாயாலதான் சொல்லணும்" என்றாள் மனைவி கரையிலிருந்து.

ஒருவரும் சிரிக்கவில்லை. முடுக்கி நீரிலிருந்து ஏறி வந்து, துறையின் படியில் அமர்ந்தான். கால்சட்டையின் நீரைப் பிழிந்தான். பின்பு பேசியபோது, அவனுடைய சொற்கள் மனைவியிடம் கற்றவையாகவே இருந்தும், குரல் மட்டும் அவனுடையதாக இருந்தது.

"ராணுவத்துல பெரிய அதிகாரி தப்பு செஞ்சா நாங்க இப்படித்தான் நிப்போம். வாய மூடிக்கிட்டு. நான் உங்களுக்கு அதிகாரியா? தம்பின்னு கூப்பிட்டீங்களே அண்ணா. ஒரு வருஷத்துல ஒரு தடவை என்னைத் திட்டினது உண்டா? அண்ணி தினமும் திட்றாங்க. அவங்கதான் என்னை வீட்டு ஆளா வெச்சிருக்காங்க. நீங்க என்னை விருந்தாளியாவே வெச்சிட்டீங்க."

ஓடக்காரரின் முகம் மாறியது. ஒரு நாளும் குரல் உயர்த்தி அறியாத அந்த மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அப்படின்னா கேட்டுக்க. நீ ஒரு மடையன். மரத்துக்கும் இரும்புக்கும் வித்தியாசம் தெரியாத மடையன். எதைக் கண்டாலும் இறுக்குற. என் பெஞ்சைக் கெடுத்த. ஜாடியைக் கெடுத்த. இப்ப என் ஓடத்தையும் கெடுத்துட்ட. எழுந்திரு. ஒக்காந்து அழுதா பலகை முளைக்காது."

முடுக்கி எழுந்தான். அவனுடைய கண்கள் கலங்கியிருந்தன. ஆனால் வாய் காதுவரை விரிந்திருந்தது. "இன்னும் கொஞ்சம் திட்டுங்க" என்றான்.

"நேரமில்ல" என்றார் ஓடக்காரர்.

அவ்வூரில் போருக்குப் பின் நல்ல பலகை என்பது கண்ணால் காண்பதற்கும் அரிதாயிருந்தது. இருந்த மரமெல்லாம் அடுப்புக்கோ கூரைக்கோ போயிருந்தது. ஆயின் பாலத்தின் தளம் முழுவதும் பலகை. தடித்த, நீண்ட, முடிச்சில்லாத பலகைகள், ஒவ்வொன்றும் படையின் உடைமை. முடுக்கி தன் அதிகாரியிடம் சென்று, தளப்பலகைகளுள் ஒன்று இற்றுப்போய்விட்டது என்று தெரிவித்தான். அதிகாரி உடனே நேரில் வந்தார். தம் பூட்ஸின் குதியால் பலகையை ஓங்கி மிதித்தார். அது முனகவும் இல்லை. அதன்மேல் ஏறிக் குதித்தார். ஆற்றில்தான் அலை எழுந்தது. பிறகு அவர், கரையில் தலைத்துண்டைக் கையில் பிடித்தவாறு நின்ற ஓடக்காரரையும், துறையில் சாய்ந்து கிடந்த ஓடத்தையும் பார்த்தார். தாமும் பல மாதங்கள் அந்த ஓடத்தின் கீழ் அமர்ந்து, மழையில் நனையாமல் உணவுண்டவர் அவர்.

"ரொம்ப மோசமா இருக்கு" என்று அவர் தம் மொழியில் கூறியதை முடுக்கி பெயர்த்துச் சொன்னான். "ஆபத்தான பலகையாம். ஒடனே அப்புறப்படுத்தணுமாம்."

அப்பலகையை நெடுக்குவாட்டில் அறுத்து மெல்லியதாக்கினார்கள். ஒரு பாதி ஓடத்துக்கு. மறுபாதியை மனைவி தன் கடைப் பெஞ்சுக்கென்று முன்கூட்டியே கைப்பற்றிக்கொண்டாள். வண்டிகள் தடம் மாறாதிருக்கப் பாலத்தின் ஓரத்தில் பூசப்பட்ட மஞ்சள் வண்ணக் கோடு ஓடத்துக்கான பாதியில் இருந்தது. அதனைச் சீவி எடுக்க வேண்டாம் என்றார் ஓடக்காரர். பலகையை அவர் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். ஓராண்டு மழையையும் ஆற்றின் ஆவியையும் குடித்த மரம், இதற்கு இனித் தாகம் இராது என்றார்.

பிளந்த பலகையின் இடத்தில், கோடு மேலே தெரியும்படி, அதனைப் பொருத்தினார்கள். பின்பு இருவரும் பழைய இடுக்குகளிலிருந்து பஞ்சைப் பிடுங்கினார்கள். முடுக்கி அடித்த பஞ்சு எளிதில் வரவில்லை. கொக்கியால் தோண்டித் தோண்டி எடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வோர் இழைக்கும் ஓடக்காரர் ஒரு வசை சொன்னார். பழகாத வாய் ஆகையால் வசைகள் விரைவில் தீர்ந்துபோயின. கடையிலிருந்து மனைவி கடனாகச் சில அனுப்பிவைத்தாள். புதிய பஞ்சை வைக்கும்போது முடுக்கியின் கையைப் பிடித்து அவர் நிறுத்தினார். "போதும். விட்டுடு. மிச்சத்தை தண்ணி பாத்துக்கும்." தளர்ச்சியாக ஒன்றை விட்டுவிட்டு எழுவது அவனுக்கு எத்தனை துன்பமாயிருந்தது என்பதை அவன் விரல்கள் மரச்சுத்தியலை விட மறுத்ததில் கண்டுகொள்ளலாம். ஓடத்தில் கல்லேற்றி, துறையோரத்தில் மூழ்கடித்தார்கள். நீர் அதன்மேல் மூடியது. மறுநாளும் அதற்கடுத்த நாள்களும், பாலத்தில் வேலை முடிந்த பொழுதெல்லாம், முடுக்கி துறைக்கு வந்து, நீருக்கடியில் மஞ்சள் கோடு நெளிவதைப் பார்த்து நின்றான். கையை மட்டும் பின்னால் கட்டிக்கொண்டான்.

பாலம் பின்வாங்கிய நாளில் காற்று வீசவில்லை. துறைமுகத்துக்குச் செல்லும் சாலை எதிர்க்கரையில் இருந்தமையால், பாலத்தை அந்தப் பக்கமாகவே இழுக்க வேண்டும். இந்தக் கரையில் நுனியைத் தூக்கி உருளைகளில் வைத்து வழியனுப்ப முடுக்கியும் சிலரும் நின்றனர். ஊர் முழுவதும் கரையில் கூடியிருந்தது.

எதிர்க்கரையில் இயந்திரம் உறுமியது. இரும்புக் கயிறு விறைத்தது. முதலில் எதுவும் நிகழவில்லை. பிறகு, இந்தக் கரையின் கல்லுக்கும் பாலத்தின் நுனிக்கும் இடையில் ஒரு கீற்று ஒளி தோன்றியது. அந்தக் கீற்று ஒரு சாண் ஆயிற்று. ஓர் ஆள் உயரம் ஆயிற்று. அதன் வழியே ஆறு தெரிந்தது. அத்தனை பெரிய இரும்பு, அத்தனை மக்களையும் மாடுகளையும் வண்டிகளையும் சுமந்த இரும்பு, ஒரு சொல்லுமின்றி, கல்தூண்களை ஒவ்வொன்றாக விட்டுவிட்டு வானத்தின் குறுக்கே பின்னோக்கிச் சென்றது. போகிறவர் முதுகைக் காட்டாமல் நம்மைப் பார்த்தவாறே பின்னடி வைத்துப் போவது போல அது இருந்தது. கடைசித் தூணைவிட்டு அது நீங்கியபோது, ஆண்கள் எல்லாரும் தம் தலைத்துண்டுகளை அவிழ்த்திருந்தனர். ஓடக்காரரின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆறு திடீரென்று அகன்றுவிட்டது.

இந்தக் கரையில் நின்ற வீரர்கள் அப்போதுதான் தாங்கள் நின்ற இடத்தை உணர்ந்தவர்களைப் போல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்குத் திரும்பிச் செல்லப் பாலம் இல்லை.

ஓடக்காரர் அன்று காலையிலேயே கற்களை இறக்கி ஓடத்தை எழுப்பி, நீரை இறைத்து வைத்திருந்தார். அது தன் எடையில் நிதானமாக மிதந்தது. முதல் நடையில் மற்ற வீரர்களைக் கொண்டுபோய் விட்டார். இரண்டாவது நடை முடுக்கிக்கு மட்டும் என்று வைத்திருந்தார்.

முடுக்கி விடைபெறுவதற்குக் கடைக்குச் சென்றான். பெஞ்சில் அமர்ந்து தேநீர் குடித்தான். மனைவி அவனிடம் அந்தத் திறக்காத ஜாடியைக் கொடுத்து, இதைத் திறந்து கொடுத்துவிட்டுப் போகுமாறு பணித்தாள். அவன் முகம் சிவக்கத் திருகியும் அது அசையவில்லை. "வேணாம், இருக்கட்டும்" என்று அவள் அதனைத் திரும்ப வாங்கி, அலமாரியின் மேல்தட்டில், நீ இறுக்கியபடியே இருக்கட்டும் என்பது போல வைத்தாள். அவள் பேசாமல் நின்று அவன் கண்டது அன்றுதான்.

"ஓரத்துல ஒக்காராத" என்றார் ஓடக்காரர், அவன் ஓடத்தில் ஏறியதும். "நடுவுல ஒக்காரு. காலை நீட்டாத. பையை மடியில வெச்சிக்க. அந்தக் குவளையை எடு, தண்ணிய எறை."

இடுக்குகளில் சிறிது நீர் கசிந்துகொண்டுதான் இருந்தது. முடுக்கி தகரக் குவளையால் இறைத்தான். தூண்கள் இருபுறமும் கடந்து சென்றன. நட்டாற்றில் இருவரும் ஏககாலத்தில் மேலே பார்த்தார்கள். ஓராண்டாக அங்கே இருந்த இரும்பின் நிழல் இல்லை. வானம் மட்டும் இருந்தது. துடுப்பைத் தாங்கிய இரும்பு வளையம் ஒவ்வோர் இழுப்புக்கும் கடகடவென ஆடியது. முடுக்கியின் பார்வை அதன்மேல் விழுந்தது. அவனுடைய கை இடுப்பிலிருந்த திருகுசாவிக்குச் சென்றது. சென்ற கை நின்றது. அவன் குவளையை எடுத்து மீண்டும் நீரை இறைக்கத் தொடங்கினான்.

ஓடக்காரர் துடுப்பை நிறுத்தினார்.

"அதை முடுக்குடா. அது முடுக்க வேண்டியதுதான்."

அவன் முடுக்கினான். நன்றாக, கடைசிச் சுற்று வரையில் முடுக்கினான். அதன்பின் எதிர்க்கரை சேரும்வரை துடுப்பு ஒலியெழுப்பவில்லை.

கரையில் அவனுடைய வண்டி காத்திருந்தது. அவன் இறங்கினான். இருவரும் நின்றனர். எதற்கு யார் நன்றி கூறுவது என்ற கணக்கை இருவரும் விட்டுவிட்டதைப் போலத் தோன்றியது. முடுக்கி குனிந்து, ஈரமான மஞ்சள் கோட்டை உள்ளங்கையால் ஒருமுறை தட்டிவிட்டு, மேட்டில் ஏறினான்.

மருத்துவமனையில் பணி முடிந்து மகள் துறைக்கு வந்துகொண்டிருந்தாள். வழியில் எதிர்ப்பட்ட முடுக்கி அவளுக்கு வணக்கம் செலுத்தினான். உயர் அதிகாரிக்குச் செலுத்தும் வணக்கம் அது. அவள் ஓடத்தில் ஏறினாள். ஓராண்டாக ஒவ்வொரு மாலையும் பாலத்தின் ஓரத்தில் எந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாளோ, அதே கோட்டின்மேல் அவளுடைய கால் பதிந்தது. அவள் குனிந்து பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, மறுபடியும் அதன்மேல் பாதத்தை வைத்தாள்.

ஓடம் நட்டாற்றை அடைந்தபோது, பின்னால் மேட்டிலிருந்து அந்தக் குரல் எழுந்து நீரின்மேல் நீண்டு வந்தது.

"அண்ணீ! நீங்க திருந்தவே மாட்டீங்க!"

இந்தக் கரையில், கடைவாசலில் நின்ற மனைவி இரண்டு கைகளையும் வாயருகே குவித்தாள். மகளும் ஓடக்காரரும் நடுவிலிருந்து கேட்டார்கள்.

"நீயும் திருந்திடாதடா!"